மூன்று மணிக்கு எடுத்த அளவு

அறுபது வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
கடலுக்கடியில் ஊர்ந்து வெஸ்ட்ரே தீவில் கரையேறி
எங்கள் சமையலறைக்கு வரும்போது
கழுதை தேய்ந்து கட்டெறும்பு.
பதினொன்று. ஒன்பது. ஒருமுறை நான்கரை.

தொலைபேசியில் ஃபெர்கஸ் என்று ஒரு பையன்,
கிளாஸ்கோவில் ஜன்னலில்லாத அறையில்
உட்கார்ந்திருப்பவன் குரல்.
"முதலில், மேடம், காற்றை நம்பாதீர்கள்" என்றான்.
வைஃபையைச் சொல்கிறான்.
ஆர்க்னிக்காரியிடம்
காற்றைப் பற்றி.
சிரித்தேன். அவனுக்குப் புரியவில்லை.

வயர் போடச் சொன்னான், பெட்டியிலிருந்து நேராக.
ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள்,
காலை, மாலை, நடுராத்திரி,
எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.
ஆடுகளின் தடுப்பூசிக் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கம் காலியாக இருந்தது.

செவ்வாய், காலை ஏழு: பத்து.
வயர் கிடைக்கவில்லை. மைக்ரோவேவில் கஞ்சி ஓடிக்கொண்டிருந்தது.
அடித்துவிட்டேன்.
செவ்வாய், மாலை எட்டு: ஆறு. வயரில்தான்.
தீவே ஒரே பந்தின் பின்னால் ஓடும் நேரம்.
புதன், மதியம்: பதினான்கு, அபர்டீன் வரை.
லண்டன் வரை என்றால் பன்னிரண்டு.
பெட்டியின் மேல் பூனை. சூட்டுக்கு.
இதையும் எழுத வேண்டுமா, ஃபெர்கஸ்?

மான்சி தன் டிராக்டர் கையேட்டை இறக்கிக்கொண்டே
கேட்டான்: "இதில் ஒன்றே முக்கால் என்கிறது,
நீ பதினான்கு என்கிறாய். யார் பொய்?"
யாருமில்லை.
உன்னுடையது படி, என்னுடையது ஆழாக்கு.
எட்டு ஆழாக்கு ஒரு படி.
அவன் தலையாட்டிய விதத்தில்
இருவர் மீதும் சந்தேகம் தீரவில்லை.

வியாழன் விடிவதற்கு நெடுநேரம் முன்பே எழுந்தேன்.
டிவியின் சிவப்புக் கண்ணை அணைத்தேன். பிரிண்டரை.
மகள் தோரா தூக்கத்திலும் பிடித்திருந்த ஃபோனை
விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன்.
ஆனாலும் பெட்டியின் பட்டியலில்
பெயரில்லாமல் இன்னும் ஒன்று,
இரவு பகலாக எதையோ மேலே ஏற்றிக்கொண்டே.
ஏறும் பாதை அடைத்தால்
இறங்குவதற்கும் மூச்சு முட்டும்.

கொட்டகைக் கேமரா.

மான்சி மாட்டியது. படுக்கையிலிருந்தே
சினையாடுகளைப் பார்க்கலாமே என்று.
இப்போது அவன் நெஞ்சில் டேப்லெட் ஏறி இறங்குகிறது,
அதில் சாம்பல் நிறத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு
கண்ணை மூடி அசைபோடுகிறது.
இன்றைக்கு இல்லை, என்று நினைத்தேன்.
பிளக்கைப் பிடுங்கினேன்.

ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
நம்பாமல் இன்னொருமுறை: அறுபத்தொன்று புள்ளி மூன்று.
இன்னொருமுறை: அறுபது புள்ளி ஏழு.

சொன்ன சொல் தவறவில்லை அவர்கள்.
மூன்று வாரமாக வளர்த்த கோபம்
எங்கே போய் உட்காருவதென்று தெரியாமல்
சமையலறையில் நின்றது. நானும்.
வீட்டில் யாரும் எதையும் கேட்காதபோது
கேட்டதெல்லாம் கிடைக்கிறது.
தேநீர் போட்டேன். குடித்தேன்.
பிறகுதான் பிளக் ஞாபகம் வந்தது.

படம் மெல்ல, கட்டம் கட்டமாகத் திரும்பியது.
வைக்கோல். முதுகு.
தாயின் நாக்குக்குக் கீழே
ஈரமாக ஏதோ தலையை உதறியது,
இரண்டு காது கூடுதல்.

காலையில் ஃபெர்கஸ் கேட்டான், சரியான அளவு வந்ததா என்று.
வந்தது என்றேன்.
வேறு ஏதாவது உதவி?
இல்லை.

நோட்டில் என் எழுத்து:
வியாழன், மூன்று மணி, வயரில், வேறு எதுவும் ஓடவில்லை, 61.3.
அதற்குக் கீழே, பக்கம் மாறிப்போய், மான்சி:
212. ஒன்று. கிடா. நலம். நேரம் தெரியாது.

எனக்குத் தெரியும்,
பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்பின்னாக.
பேனாவை எடுத்தேன்,
மூடி வைத்தேன்.